மைக் செட்டில் என்ன போடுவது?

இசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர் மன்றம் பொங்கலுக்கு மூன்று நாளும் மைக் செட் கட்டும். வருடா வருடம் அதே இருபது சினிமாப் பாட்டுதான். மாட்டுப் பொங்கலன்று மதியத்துக்குள் மாட்டுக்கே சலித்துவிடும். இந்தத் தடவை சினிமாவை விட்டு, நம் கிராமிய இசையும் புதுப் பிள்ளைகள் போடும் பேண்டு இசையும் கலந்து போடலாம் என்று பேசியிருக்கிறோம். மன்றத்தின் கையில் காசு இல்லை. இலவசமாக எங்கே கிடைக்கும், எப்படித் தேடுவது, ஐயா?
– ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: முதலில், ‘பொங்கல் பாட்டு’ என்று தட்டித் தேடாதீர்கள். எந்த இருபதிலிருந்து தப்பிக்க நினைக்கிறீர்களோ, அதே இருபது வேறு வேறு படத்தை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். சினிமாவுக்கு வெளியே பாடுகிறவர்கள் தங்கள் பாட்டுக்குப் ‘பொங்கல் ஸ்பெஷல்’ என்று பெயர் வைப்பது அபூர்வம். ஆள் பெயரைப் பிடித்துப் போங்கள், அல்லது ஊர்ப் பெயரைப் பிடித்துப் போங்கள்.

ஊர் என்றால் தஞ்சாவூர் ரெட்டிப்பாளையத்தில் தொடங்குங்கள். தப்பாட்டமும் கரகாட்டமும் தொழிலாக இருக்கும் குடும்பங்கள் வாழும் இடம். அந்தோணி தாசன் அங்கிருந்து வந்தவர்தான். சினிமாவில் பாடுவதற்கு முன் கரகாட்ட மேடைகளில் ஆடிப் பாடிப் பழகிய குரல். ‘லா பொங்கல்’ என்ற இசைக்குழுவில் அவர் பாடிய நாட்களின் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். குழுவின் பெயரே உங்களுக்கு வசதியாக இருக்கிறது. தெற்கே வேதாரண்யம் பக்கம் இறங்கினால் புஷ்பவனம். நாட்டுப்புறப் பாடகர் குப்புசாமியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த ஊர் நாகை மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அடுத்தது ‘மார்கழியில் மக்களிசை’. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் சென்னையில் தொடங்கிய இசைவிழா. சபாக்களில் கச்சேரி நடக்கும் அதே மாதத்தில் பறை, ஒப்பாரி, கானா, நாட்டுப்புறப் பாட்டு, ராப் எல்லாவற்றுக்கும் ஒரு மேடை. பிற்பாடு மதுரை, கோவை என்றும் போனார்கள். அந்த மேடைகளின் காணொளிகள் யூடியூபில் இருக்கின்றன, கேட்கக் காசு வேண்டாம். உங்கள் மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒற்றைக் களஞ்சியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவரைக் கேட்டுப் பிடித்துப்போனால் அவர் பெயரைக் குறித்துக்கொண்டு அவருடைய சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே இன்னும் பத்துப் பாட்டு இருக்கும்.

அதே வழியில் போனால் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வரும். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய குழு. கானாவும் ராப்பும் ராக் கித்தாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். அதன் இசைப் பொறுப்பாளராக இருந்த டென்மா, கபேர் வாசுகியோடு சேர்ந்து நடத்திய குழு ‘குரங்கன்’. இந்தக் கபேர் வாசுகிதான், டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் பாடி 2017 ஜனவரியில் வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடலை எழுதியவர். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இப்படித்தான் கண்டு முழுதும் கழன்று வரும். அதனால்தான் ‘சிறந்த பத்து’ பட்டியல்களை நான் நம்புவதில்லை.

யூடியூபில் கேட்பது இலவசம். ஆனால் அதிலிருந்து ஏதோ ஒரு செயலி வைத்துப் பாட்டை உருவி பென் டிரைவில் ஏற்றுவதை அந்தத் தளத்தின் விதி அனுமதிப்பதில்லை. கையில் கோப்பாகவே வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் என்ற தளத்துக்குப் போங்கள். 2008இல் தொடங்கியது. அங்கே விலையை வைப்பது பாடகர். சிலர் ‘நீங்களே விலை சொல்லுங்கள்’ என்று விட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாலும் பாட்டு இறங்கும். பூஜ்யம் போடக் கூச்சப்படாதீர்கள், அது அவர் தெரிந்தே திறந்து வைத்த கதவு. அறுவடைப் பணம் வந்த பிறகு திரும்பப் போய் ஐம்பது ரூபாய் போட்டாலும் அந்தக் கதவு வாங்கிக்கொள்ளும்.

பெரிய குழுக்களும் இதைச் செய்திருக்கின்றன. இங்கிலாந்தின் ரேடியோஹெட் 2007இல் ஒரு முழு ஆல்பத்தையே ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்று விட்டது. டெல்லியின் இந்தியன் ஓஷன் 2010இல் தங்கள் புது ஆல்பத்தை மாதத்துக்கு ஒரு பாட்டாக இலவசமாக இறக்கிக்கொள்ளத் தந்தது. கம்பெனிக்காரர்களோடு ஒத்துவராமல் எடுத்த முடிவு அது. பாட்டு ஊர் ஊராகப் போய்ச் சேரட்டும், மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்பதுதான் கணக்கு.

எதை எப்போது போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பொங்கலன்று விடியற்காலை நாயனம் மட்டும் போடுங்கள், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. வேறு பேச்சே வேண்டாம். பானை பொங்குகிற நேரத்துக்கு மைக்கை நிறுத்திவிடுங்கள், குலவைச் சத்தம் கேட்கட்டும். மாட்டுப் பொங்கலன்று மாலை தப்பும் நையாண்டி மேளமும். கித்தார், டிரம்ஸ் எல்லாம் காணும் பொங்கலுக்கு. அன்றைக்குத்தான் ஊர்ப் பிள்ளைகள் கையில் மைதானம் இருக்கும்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் பாட்டை எடுத்து என் சமையல் காணொளிக்குப் பின்னணியாகப் போட்டேன். உரிமைப் பிரச்சினை என்று அறிவிப்பு வந்துவிட்டது. இலவசம் என்றுதானே சொன்னார்கள்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கேட்க இலவசம் என்பது வேறு, எடுத்தாள இலவசம் என்பது வேறு. ஆற்றில் யாரும் குளிக்கலாம். அதற்காக மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து விற்க முடியுமா?

நம் நாட்டுச் சட்டப்படி பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் ஆகியோரின் உரிமை அவர்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. மூன்றும் தனித்தனிக் கணக்கு. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனையை நீங்களே பாடிப் போட்டால் கேட்க ஆளில்லை. அதையே போன வருடம் ஒருவர் பாடிப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு அவருடையது. பாபநாசம் சிவன் 1973இல் காலமானார், 2033 முடியும்வரை அவர் பாட்டுக்கு உரிமை உண்டு. ராஜரத்தினம் பிள்ளை போனது 1956இல். அவர் உயிரோடு இருந்தபோது வெளியான இசைத்தட்டுகளின் காலம் முடிந்துவிட்டது. முன் கேள்வியில் தைரியமாகத் தோடியைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் 29 வயதில் போய்விட்டார். செங்கப்படுத்தான்காட்டுக்காரர். அவர் வரிகள் இன்று எல்லோருக்கும் சொந்தம். ஆனால் சினிமாவில் அந்த வரிகளுக்கு மெட்டுப் போட்டவர்களின் உரிமை தனி. ஆகவே மெட்டை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்துப் புதிதாக இசையமைக்கலாம். டெல்டாவில் கித்தார் வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் ஏன் இன்னும் இதை ஒரு முழு ஆல்பமாகச் செய்யவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

உங்கள் சமையல் காணொளிக்கு ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம் என்று போட்டிருக்கும் இசையாகத் தேடுங்கள். அதிலும் வகைகள் உண்டு. பெயர் சொன்னால் போதும் என்பது ஒன்று, வியாபாரத்துக்குக் கூடாது என்பது இன்னொன்று, மாற்றக் கூடாது என்பது வேறொன்று. காணொளியில் விளம்பர வருமானம் வருகிறதென்றால் இரண்டாவது வகை உங்களுக்கு ஆகாது.

பாபநாசம் நண்பருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. லாப நோக்கமில்லாத அமெச்சூர் மன்றம், கட்டணம் வாங்காமல் ஊர் முன்னால் ஒரு பாட்டை மேடையேறிப் பாடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பிள்ளைகள் தாங்களே பாடினால் பயமில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பே ஆங்கிலக் கேரல்கள் ஓட ஆரம்பித்துவிடும். தமிழில், நம் ஊர் மணத்தோடு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராக உங்கள் ஊருக்கு வந்து, சரபோஜி மன்னரின் அவையில் மதிப்போடு வாழ்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சி அவருடையது. கிறிஸ்து பிறந்த ஊரைக் குறத்தி குறி சொல்லும் நாடகமாக மாற்றியவர். நொண்டி நாடகம், கும்மி என்று அந்தக் காலத்தில் தெருவில் ஓடிய வடிவங்களைத்தான் அவர் கையில் எடுத்தார். கிராமிய இசையில் பண்டிகைப் பாட்டு என்று இன்று தேடுகிறோமே, அதை இருநூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சபைகளின் கீர்த்தனைப் புத்தகங்களில் அவர் பாட்டுகள் இருக்கின்றன. உங்கள் சபையில் வயதான ஒருவரிடம் மெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அச்சில் மெட்டு வராது.

அமெரிக்காவில் சுஃப்ஜான் ஸ்டீவன்ஸ் என்றொரு நாட்டார் பாணிப் பாடகர். 2001 தொடங்கி கிறிஸ்துமஸ் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பரிசாகக் கொடுத்துவந்தார். 2006இல்தான் அவை தொகுப்பாகக் கடைக்கு வந்தன. பரிசாக வந்ததற்கே உரிய சின்னப் பிசிறுகள் அவற்றில் இருக்கும். பாலன் பிறப்பைக் கும்மி மெட்டில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாட, செல்போனில் பிடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பதிவிலும் பிசிறு இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: சங்கீதம் விளைந்த மண்ணில் ராக் கூச்சலுக்கு ஏன் இடம் கொடுக்கிறீர்கள்?
– ஒரு மூத்த வாசகர், கும்பகோணம்

பதில்: சரபோஜி மன்னர் தஞ்சை அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு ஒன்றையே வைத்திருந்தார். வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்ததில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு. கிளாரினெட்டும் சதிராட்டக் குழுவான சின்ன மேளத்தோடு சேர்ந்து நுழைந்ததுதான். அன்றைக்கும் யாராவது கூச்சல் என்று சொல்லியிருப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் சரி. இந்த மண்ணுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐயா.

கேள்வி: எனக்கு இணையமெல்லாம் ஒத்துவராது. நேரில் போய்க் கேட்க, டிக்கெட் இல்லாத இடங்கள்?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: தை மாதத்தில் உங்களுக்கு வழி எங்கும் திறந்திருக்கிறது. திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் ஆராதனை. காவிரிக் கரையில் மணலில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகப் பஞ்சரத்தினம் பாடுவதைக் கேட்கக் காசு இல்லை. தியாகராஜரின் சமாதிக் கோயிலைத் தன் சொந்தச் செலவில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாட இடமில்லை என்றிருந்த காலத்தில் வாதாடி இடம் பிடித்தவரும் அவரே. போகும்போது அவர் சிலைக்கும் ஒரு கும்பிடு போடுங்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. 1986இல் தொடங்கியது. வெளி மாநிலக் கிராமியக் கலைஞர்கள் வந்து ஆடிப் பாடும் விழாக்கள் அங்கே நடக்கும். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பொங்கலுக்குச் சென்னையில் மகன் மகள் வீட்டுக்குப் போகிறவர் என்றால் ‘சென்னை சங்கமம்’ கலைவிழா. 2007இல் பூங்காக்களிலும் தெருக்களிலும் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்று மறுபடி வந்தது.

இது எதுவும் முடியாவிட்டால் உங்கள் ஊர்க் கமலாலயக் கரையில் சாயரட்சைக்கு நில்லுங்கள். கோயிலுக்குள்ளிருந்து நாயனம் வரும்.

கேள்வி: இவ்வளவு இலவசம் என்கிறீர்கள். ஊர்ப் பொங்கலுக்குத் தப்பாட்டக் குழுவையும் இலவசமாகக் கூப்பிட வழி உண்டா? அவர்களுக்கும் விளம்பரம்தானே?
– ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: இல்லை. பதிவு செய்த பாட்டை ஒருவர் ஒருமுறை பாடிவிட்டு ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம், அவருக்கு மேற்கொண்டு செலவில்லை. தப்படிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் தோலைக் காய்ச்சி, சலங்கை கட்டி, மூன்று மணி நேரம் ஆடியாக வேண்டும். சாவுக்கும் சாமிக்கும் ‘உன் கடமை, வந்து அடி’ என்று கூலியில்லாமல் அடிக்கவைத்த காலத்தை அவர்களின் தாத்தாக்கள் இன்னும் மறக்கவில்லை. விளம்பரம் அவர்களுக்குத் தேவையில்லை. பந்தல்காரருக்கும் மைக் செட்காரருக்கும் கொடுக்கிறீர்கள் அல்லவா?

தொகையை முன்கூட்டியே பேசி முடியுங்கள். வேன் வாடகை, சாப்பாடு, உடை மாற்ற ஒரு அறை, இவற்றைத் தனியாக ஒத்துக்கொள்ளுங்கள். தை அவர்களுக்கு நெருக்கடியான மாதம். கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்தால்தான் நல்ல குழு கிடைக்கும்.