நெற்றிவிளக்கும் அதன் பாட்டரியும்

போளூருக்கும் செங்கத்துக்கும் இடையே 4,500 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பர்வதமலையின் உச்சியில் மல்லிகார்ஜுனர் ஆலயம் உளதென்பதை நம்மிற் பலர் அறிவர். உச்சியை நெருங்குங்கால், பாறையில் நாட்டிய இரும்புக் கம்பிகளையும் சங்கிலியையும் இரு கைகளாலும் பற்றியே ஏறவேண்டும். அவ்விடத்தில் பொழுது சாய்ந்துவிடின் கையிற் பிடிக்கும் டார்ச்சினாற் பயனில்லை. கைத்தொலைபேசியைப் பல்லாற் கவ்விக்கொண்டு இறங்கிய வாலிபரொருவரைக் கண்டு யான் நடுங்கியதுண்டு. அங்கே நெற்றிவிளக்கே தக்கது. அதுவும் பாட்டரி உள்ளமட்டுமே.

1866-இல் பிரெஞ்சுக்காரரான லெக்லான்ஷே அமைத்த கலத்தின் வழிவந்ததே மலிவாக விற்கும் துத்தநாகக் கலம். இதில் உறையே கரைந்து மின்சாரந் தருவதாகலின், தீர்ந்தபின் விளக்கினுள்ளே விட்டுவைத்தால் உறை பொத்தலாகி நீர் கசியும். ஆல்கலைன் கலம் மிகுதியாக உழைக்கும். எனினும் கசிவுக்கு அதுவும் விலக்கன்று.

அடிக்கடி மலையேறுவோர் மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்களைக் கொள்க. இவை 1.2 வோல்ட்டே ஆயினும், பெரும்பாலும் ஒரே சீராக உழைப்பன. 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மூன்று கலங்கள் 7.2 வாட்-மணி தரும்; ஒரு வாட் விளக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரியும். 1991-இல் விற்பனைக்கு வந்த லிதியம்-அயான் கலம் எடைக்கு எடை இவற்றினும் மேலானது. ஆனால் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கலத்தின்மேல் 9,900 என்று அச்சிட்டிருப்பின் அதனை நம்பற்க. நல்ல கலங்களிலும் 3,500-க்கு மிக மேற்பட்டது அரிது.

நிற்க. பழையதையும் புதியதையும் ஒருங்கே இடுதலே நம்மவர் செய்யும் பெரும் பிழை. தொடராக இணைத்த கலங்களில் ஒன்று முன்னரே தீர்ந்துவிடின், ஏனையவை அதனூடே மின்னோட்டத்தை வலிந்து செலுத்துதலால் அது எதிர்முகமாகிக் கெடும், கசியவுஞ் செய்யும். ஆகையால் ஒரே நாளில் வாங்கியவற்றை ஒரே தொகுதியாகவே வழங்குக.

லிதியம் கலத்தை நெடுநாள் வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் நலம். சித்திரை வெயிலில் மூடிய மோட்டார் வண்டியுள் வைத்தல் கூடாது. உப்பிய கலத்தை மின்னேற்றலாகாது. மாற்றுக் கலத்தைச் சாவிகளோடும் காசுகளோடும் பையிலிடின் இரு முனைகளும் இணைந்து தீப்பற்றக்கூடும். சிறு பிளாஸ்டிக் பெட்டி போதும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னரே விளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டு ஒளி மங்குகிறதா என நோக்குக. குறையிருப்பின் கடைக்குச் செல்ல ஒரு நாள் இருக்கும்.