தீக்கு மூச்சளிக்கும் உப்பு

நுழையும்முன்

உழவுக்கும் தொழிலுக்கும் பெருந்துணையாக விளங்கும் சில வேதிப்பொருள்கள் தாமாக எரிவதில்லை. ஆயினும், அருகிலுள்ள பொருள் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தம்மிடமிருந்தே வழங்குகின்றன. இவற்றை 'ஆக்சிஜனேற்றிகள்' என்கிறோம். அவற்றுள் ஒன்றான அம்மோனியம் நைட்ரேட்டின் இயல்பையும், அதைக் கையாள்வதில் நேர்ந்த பிழைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் உருவாகும் தீப்பெட்டியை நாம் அனைவரும் கையில் எடுத்திருக்கிறோம். அதன் அமைப்பில் ஓர் எளிய நுட்பம் உண்டு. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் என்னும் ஆக்சிஜனேற்றி இருக்கிறது. உரசும் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பினும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நாம் உரசும்போது மட்டுமே ஒரு துளியளவு பாஸ்பரஸ் குளோரேட்டைச் சந்திக்கிறது, தீ பிறக்கிறது. ஒரு தீக்குச்சியில் கடைப்பிடிக்கப்படும் இந்தப் பிரிவினை, ஆயிரக்கணக்கான டன் சரக்கில் கைவிடப்பட்டால் என்ன ஆகும்?

நெருப்புக்கு எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வேண்டும். எரியும் எண்ணெய்ச் சட்டியைத் தட்டால் மூடினால் தீ அணைகிறது. காற்று தடைபடுவதே காரணம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஆக்சிஜன். அம்மோனியம் நைட்ரேட்டிலோ ஆக்சிஜன் அந்த உப்பின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. சூடாகிச் சிதையும்போது அது வெளிப்படுகிறது. வெளிக்காற்று அதற்குத் தேவையே இல்லை. இதை மறந்ததால் அழிந்த ஊர் ஒன்றின் கதையைச் சற்று விரிவாகவே காண்போம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கடற்கரையில் டெக்சாஸ் சிட்டி என்னும் துறைமுக நகரம் உள்ளது. 1947 ஏப்ரல் 16 அன்று காலையில், 'கிராண்ட்காம்ப்' என்னும் பிரெஞ்சுக் கப்பலில் அம்மோனியம் நைட்ரேட் மூட்டைகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. போரால் சிதைந்த ஐரோப்பாவின் வயல்களுக்குச் செல்லவேண்டிய உரம் அது. ஏறத்தாழ 2,300 டன் ஏற்கெனவே கப்பலில் இருந்தது. கட்டிபிடிக்காமல் இருப்பதற்காக உரமணிகளின்மேல் மெழுகு பூசியிருந்தார்கள்; காகிதப் பைகளில் அடைத்திருந்தார்கள். மெழுகும் காகிதமும் எரிபொருள்கள் அல்லவா! பையின்மேல் அது உரம் என்று எழுதியிருந்தது. அது என்ன செய்யவல்லது என்று எழுதியிருக்கவில்லை.

காலை எட்டு மணியளவில் சரக்கறை ஒன்றிலிருந்து புகை எழுந்தது. தொழிலாளர்கள் குடிநீரை ஊற்றினர், கையடக்கத் தீயணைப்பான்களைப் பயன்படுத்தினர், பயனில்லை. நீர்க்குழாயைக் கொண்டுவர முற்பட்டபோது, நீர் பாய்ந்தால் சரக்கு கெட்டுவிடும் என்று தடுக்கப்பட்டது. சரக்கறையின் மூடிகளை இறுக மூடி, அவற்றின்மேல் தார்ப்பாய் விரித்து, உள்ளே நீராவியைச் செலுத்துமாறு கப்பல் தலைவர் ஆணையிட்டார்.

அவரை அறிவிலி என்று எண்ணிவிட வேண்டா. பஞ்சுப் பொதிகளில் தீப்பிடித்தால் கப்பலோட்டிகள் கைக்கொள்ளும் பழகிய முறை அதுதான். நீராவி காற்றை வெளியேற்றும். காற்றில்லாத தீ அணையும். ஆனால் அன்று அவர் முன்னிருந்தது பஞ்சு அன்று. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையவில்லை; வெப்பம்தான் வெளியேற வழியின்றித் தேங்கியது. நீராவி அந்த வெப்பத்தை மேலும் கூட்டியது. ஏறக்குறைய 170 டிகிரி செல்சியசில் உருகும் இவ்வுப்பு, 210 டிகிரியைக் கடக்கும்போது விரைந்து சிதைந்து வாயுக்களை உமிழும். அடைபட்ட வாயுக்களின் அழுத்தம் ஏறியது. சரக்கறை மூடிகள் பிய்த்தெறியப்பட்டன.

வெளிவந்த புகை செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. நைட்ரஜனின் ஆக்சைடுகள் தந்த நிறம் அது. கண்ணைக் கவரும் அந்தப் புகையைக் காண மக்கள் துறைமுகத்தில் திரண்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த நிறத்தின் பொருள் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால், 'ஓடுங்கள்' என்று கூவியிருப்பார்.

காலை 9.12 மணிக்குக் கப்பல் வெடித்தது. அதன் நங்கூரம் ஒன்றரை மைலுக்கும் அப்பால் சென்று விழுந்தது. மேலே பறந்துகொண்டிருந்த இரு சிறு விமானங்கள் சிதைந்தன. அருகிலிருந்த வேதித் தொழிற்சாலையும் எண்ணெய்க் கிடங்குகளும் பற்றியெரிந்தன. நகரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் மாண்டனர். பக்கத்தில் நின்ற 'ஹை ஃபிளையர்' என்னும் கப்பலிலும் அதே உரம் இருந்தது. கூடவே கந்தகமும் இருந்தது. அதுவும் மறுநாள் அதிகாலையில் வெடித்தது. இறந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 580. அவர்களுள் பலருடைய உடல்களை இன்னார் என்று அடையாளம் காணவும் இயலவில்லை.

இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில், அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் மலைபோல் குவிக்கப்பட்டு, ஈரத்தால் பாறையாக இறுகியிருந்தது. அதைத் தளர்த்தச் சிறு வெடிகளை வைப்பது அங்கு அன்றாட வழக்கம். எண்ணற்ற முறை தீங்கு நேராததால், அது தீங்கற்றது என்றே நம்பிவிட்டனர். 1921 செப்டம்பர் 21 அன்று அந்த நம்பிக்கை ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

தெரிந்து தெளிவோம்

மஞ்சள் நிறச் சாய்சதுரத்தில், ஒரு வட்டத்தின்மேல் தீச்சுடர் எழுவதுபோன்ற படமும் 5.1 என்னும் எண்ணும் இருந்தால், அந்த ஊர்தியில் ஆக்சிஜனேற்றி செல்கிறது என்று பொருள். வட்டமின்றிச் சுடர் மட்டும் இருப்பது எரியும் பொருளைக் குறிக்கும். இரண்டும் வேறு வேறு.

அவ்வாறாயின் இவ்வுப்பை எவ்வாறு காப்பது? குளிர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமுள்ள, எரியாத கட்டுமானம் கொண்ட தனிக் கிடங்கு வேண்டும். ஒரே குவியலாக அடுக்காமல் இடைவெளி விட்டுச் சிறு அடுக்குகளாக வைக்கவேண்டும். டீசல், எண்ணெய், கந்தகம், உலோகத்தூள், அமிலம், வைக்கோல், மரத்தூள் எவையும் அணுகலாகாது. இவற்றுள் மரத்தூளைத் தனியே சொல்லவேண்டும். சிந்திய எண்ணெயின்மேல் மரத்தூள் தூவிப் பெருக்குவது பட்டறைகளில் நல்ல பழக்கம்; சிந்திய ஆக்சிஜனேற்றியின்மேல் தூவுவதோ தீக்கு விருந்து வைப்பதாகும். மூட்டை தூக்கும் இயந்திரத்திலிருந்து ஒழுகும் எண்ணெய்கூட ஆபத்தானது. இவ்வுப்புக் கரைசல் பட்டுக் காய்ந்த ஆடை, ஒரு பொறியில் மளமளவென்று எரியும். ஆகவே உடனே துவைத்துவிடவேண்டும். கிடங்கின் தளத்தில் வடிகால் திறப்புகள் இருத்தலும் தவறு. தீயில் உருகிய உப்பு அவற்றுள் வழிந்து, அடைபட்டு, வெடிக்கக்கூடும்.

தீப்பிடித்துவிட்டால், தொடக்கநிலையிலேயே தொலைவிலிருந்து ஏராளமான நீரைப் பாய்ச்சிக் குளிர்விப்பதே வழி. கதவுகளையும் சாளரங்களையும் திறந்து விடவேண்டும். மூடுவது, நீராவி விடுவது, மணல் போர்த்துவது எல்லாம் பயன்தாரா. சரக்கு கெட்டுவிடுமே என்று தயங்குவதற்கு அங்கே நேரமில்லை. தீ குவியலைச் சூழ்ந்துவிட்டால் அணைக்கும் முயற்சியையே விட்டு அனைவரும் வெகுதொலைவு விலகிவிடவேண்டும். புகையும் நஞ்சு, சுவாசித்தவர் முதலில் நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கு இடர் நேரலாம். எனவே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

இந்தியாவில் இதற்கெனவே 'அம்மோனியம் நைட்ரேட் விதிகள், 2012' உள்ளன. உரிமமின்றி இதை உற்பத்தி செய்யவோ, சேமிக்கவோ, ஏற்றிச் செல்லவோ இயலாது. குவாரிகளில் பாறை தகர்க்கும் வெடிபொருள்களுக்கு இது மூலப்பொருளாவதால் இக்கட்டுப்பாடு மேலும் தேவையாகிறது.

விதிகள் இருந்தும் சரக்கு உரியவரற்றுக் கிடக்கும் நிலை நேர்வதுண்டு. 2020 ஆகஸ்டு 4 அன்று லெபனானின் பெய்ரூத் துறைமுகக் கிடங்கில் வெடித்த அம்மோனியம் நைட்ரேட்டின் அளவு ஏறத்தாழ 2,750 டன். 2013இல் அங்கு வந்து நின்றுபோன கப்பலொன்றிலிருந்து இறக்கப்பட்டு, ஆறாண்டுகளுக்கும் மேலாக அது கிடங்கிலேயே கிடந்தது. கடிதங்கள் ஓரலுவலகத்திலிருந்து மற்றோரலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்தன. மூட்டைகள் மட்டும் இடம்பெயரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அச்செய்தி வந்த சில நாள்களில் தமிழ்நாட்டின் பார்வை மணலியின்பால் திரும்பியது. சென்னைச் சுங்கத்துறை 2015இல் கைப்பற்றிய ஏறத்தாழ 740 டன் அம்மோனியம் நைட்ரேட், அங்குள்ள கொள்கலன் நிலையத்தில் இருந்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த பெருவெள்ளத்தில் அதில் ஒரு பகுதி கெட்டுப்போனது. எஞ்சியது 37 கொள்கலன்களில் ஐந்தாண்டுகளாக நின்றது. பெய்ரூத் வெடிப்புக்குப் பின்னர் ஏலம் விரைந்து முடிக்கப்பட்டது. அதே ஆகஸ்டு மாதத்தில், கொள்கலன்கள் பகுதி பகுதியாக லாரிகளில் ஏற்றப்பட்டு ஐதராபாத்துக்குப் புறப்பட்டன.