படகை விற்குமுன் சாயம் பூசாதே



பினாங்கின் தெலுக் பாஹாங்கிலோ பத்து மாவுங்கிலோ பழைய ஃபைபர் படகை விற்க நினைப்பவர் பலருக்கும் முதலில் தோன்றுவது புதுச் சாயம்தான். நீ அதைச் செய்யாதே. அழுக்கைக் கழுவு, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடு, வேண்டாத சாமான்களை இறக்கு. அதோடு நிறுத்திக்கொள். வாங்க வருபவர் மூலைமுடுக்கெல்லாம் தடையின்றிப் பார்க்கும்படி படகைத் திறந்து வைப்பதே உன் வேலை.

1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அதற்குப் பெரும் பங்குண்டு. குறை விற்பவருக்கு மட்டுமே தெரியும் என்றால், வாங்குபவர் எல்லா வண்டியையும் சராசரித் தரத்துக்கான விலைக்கே கேட்பார். நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டே விலகிவிடுவார் என்று அதில் வாதிட்டார். படகில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும். பழுது தண்ணீருக்கு அடியிலும் எஞ்சின் உறைக்குள்ளும் அல்லவா ஒளிந்திருக்கிறது! ஃபைபருக்குள் நீர் ஊறினால் மேல்பூச்சில் கொப்புளம் எழும். சாயம் அதை மறைக்கும். விவரம் தெரிந்தவரோ திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வருவார். கெட்டியான இடம் ‘டக்’கென்று ஒலிக்கும், அடுக்கு விட்ட இடம் ‘பொத்’தென்று அமுங்கும். ஓரிடத்தில் அப்படிக் கேட்டாலும் போதும், சாயம் பட்ட ஒவ்வோர் அங்குலத்தையும் அவர் நம்பமாட்டார். அவுட்போர்டு எஞ்சினின் கியர் எண்ணெயையும் அவர் கண்முன்னே கொஞ்சம் வடித்துக் காட்டு. அது தே தாரிக் நிறத்தில் இருந்தால், சீல் தேய்ந்து நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். எண்ணெயை மட்டும் மாற்றி மூடிவிடாமல், முன்கூட்டியே சீலையும் மாற்றி ரசீதை வைத்துக்கொள். அவர் வருமுன் எஞ்சினைச் சூடாக்கியும் வைக்காதே. ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது.

குறையைச் சொன்னால் விலை இறங்குமே என்பாய். இறங்கும், பழுதுபார்க்கும் செலவளவுக்கு. தெரியாத பழுதுக்கு அவர் மனத்தில் போடும் கணக்கு அதைவிடப் பெரிது. பார்த்து வாங்குவது அவர் பொறுப்புதானே என்றும் கேட்கலாம். தனியார் விற்பனையில் மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் சாய்கிறது. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை ஏமாற்றும் எண்ணத்தோடு முனைந்து மறைப்பதை மோசடிக்குள் சேர்க்கிறது. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது வேறு, கொப்புளத்தின் மேல் சாயம் பூசுவது வேறு.

மீன்பிடிப் படகென்றால் இன்னொன்றும் உண்டு. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி பெற்ற உரிமம் படகோடு தானாகக் கைமாறாது. மீன்வள இலாகாவில் விசாரித்து, அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொன்ன பிறகே முன்பணத்தைக் கையில் வாங்கு.