டயரின் அளவைப் பற்றி மைதிலிக்கு

சிரஞ்சீவி மைதிலிக்கு,

நீ வாங்கியிருக்கும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழக விரும்புவதாகவும், அதற்கேற்ற டயர் அசல் அளவில் எங்கு தேடியும் அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தாய். தேட வேண்டியது அந்த அளவை அல்ல, அந்த அளவினால் காருக்குக் கிடைத்துவந்த பிரயோஜனத்தை என்பதே என் அபிப்பிராயம். அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

உன் டயரின் பக்கச்சுவரில் 185/60 ஆர் 14 82 எச் என்றிருக்கும். 185 மில்லிமீட்டர் அகலம். அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பக்கச்சுவரின் உயரம். 14 அங்குலம் ரிம்மின் விட்டம். 82 என்பது ஒவ்வொரு டயரும் 475 கிலோ பாரம் தாங்கும் என்பதற்கும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கும் அடையாளம். 1989-இல் இந்தக் கார் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகத் தோன்றியபோது சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு 14 அங்குலம் இயல்பான அளவாகவே இருந்தது. பின்னால் பிரேக் தட்டுகள் பெருத்து, அவற்றுக்கு இடங்கொடுக்க ரிம்களும் பெருத்துவிட்டபடியால், பிடிமானம் மிகுந்த டயர்களைச் செய்கிற கம்பெனிகள் அந்த அளவை மெல்ல மெல்லக் கைவிட்டன. இன்று அந்த அளவில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் சிக்கனமான குடும்பக் கார்களுக்கு உரியவை.

இனி கணக்கைப் பார். 185-இல் அறுபது சதவீதம் 111 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களுக்கு 222. 14 அங்குலத்துக்கு 355.6, ஆக டயரின் முழு விட்டம் 577.6 மில்லிமீட்டர். 195/50 ஆர் 15 என்ற அளவை இதே விதமாகக் கணக்கிட்டால் 576 வரும். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பாரம் தாங்கும் எண்ணும் அநேகமாக அதே 82. ஆகவே கியரின் வீதமும், வேகமானியின் கணக்கும், தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளியும் கெடாமல், பக்கச்சுவர் மட்டும் குறுகி வளைவுகளில் துவளாமல் நிற்கிறது. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காருக்கு மாஸ்டாவே இந்த அளவைக் கொடுத்தது என்பதை நினைக்கும்போது, நமது கணக்கு வெறும் காகிதக் கணக்கு அல்ல என்ற தைரியம் பிறக்கிறது. இரண்டு தலைமுறைகளுக்கும் நூறு மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கே துளைகளாதலால், அந்தக் காரின் பழைய 15 அங்குல ரிம்களை வாங்கி மாட்டுவதே உனக்கு அதிகம் செலவில்லாத வழி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவித்துவிடு.

205/50 ஆர் 15 போடலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் ஸ்பெக் மியாட்டா என்ற பந்தய வகுப்பில் இதே கார்கள் அந்த அளவில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே ஏழு அங்குல அகலமுள்ள ரிம்களைப் போட்டு, காரையே பந்தயத்துக்கென்று திருத்தியிருக்கிறார்கள். உன் காரில் அதன் விட்டம் 586 மில்லிமீட்டராகி, ஒன்றரை சதவீதம் பெருத்து, இயல்பாகவே சாதுவான 1.6 லிட்டர் இஞ்சினின் இழுப்பை அந்த அளவுக்குக் குறைக்கும். வேகமானியும் அதே வீதத்தில் குறைத்துக் காட்டும். அது மெய்யான வேகத்துக்குக் குறைவாக எந்நாளும் காட்டலாகாது என்பது பிரிட்டனின் சட்டம். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஒரு டன்னுக்கும் குறைவான கார், அகலம் கூடிய ரப்பரை அது கேட்கும் உஷ்ணத்துக்குச் சீக்கிரம் கொண்டுவர முடியாது, உஷ்ணம் ஏறாத பந்தய ரப்பர் சாதாரண டயரைக் காட்டிலும் வழுக்கும்.

ரப்பரின் குணத்தை நிர்ணயிப்பதற்கு அமெரிக்க முறைப்படி பக்கச்சுவரில் பொறிக்கும் தேய்மான எண் ஓரளவு உதவும். எண் குறையக் குறைய ரப்பர் மிருதுவாகிப் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். யோகஹாமா ஏ052-க்கு 200. டோயோ ஆர்888ஆருக்கு 100. அந்த எண்ணைக் கம்பெனிகளே இட்டுக்கொள்வதால் ஒரே கம்பெனியின் டயர்களை ஒப்பிடத்தான் அது நம்பத்தக்கது. நீ 200 அளவிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அதே டயரில்தான் நீ வீடு திரும்ப வேண்டும். இங்கிலாந்தின் மழையோ கேட்டுக்கொண்டு வருவதில்லை. பட்டன்கள் குறைந்து, பள்ளமும் ஆழமற்றிருக்கும் டயர் தேங்கிய நீரில் மிதந்துவிடும்.

காற்று விஷயத்தில் அலட்சியம் கூடாது. கார் நிறுவனம் சொல்வது, குளிர்ந்த நிலையில், சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு. இருபது டிகிரியிலிருந்து எழுபது டிகிரிக்கு உள்ளிருக்கும் காற்று சூடேறினால் அதுவே ஏறக்குறைய 33 ஆகிவிடும். டயரின் நடுப்பாகம் புடைத்து, ஓரங்கள் தரையை விட்டு அகலும். ஆதலால் சில சுற்றுகள் ஓடித் திரும்பியவுடனேயே, ஆறுவதற்கு முன், நான்கையும் அளந்து, ஏறியதைச் சிறிது சிறிதாக இறக்கு; வீடு திரும்புமுன், டயர் ஆறிய பிறகு, மறுபடி 26-க்கு ஏற்ற மறவாதே. பிராண்ட்ஸ் ஹாட்ச் தடம் கடிகாரத் திசையில், வலப்புற வளைவுகள் மிகுந்து செல்வதால் இடப்பக்க முன் டயரின் வெளி ஓரமே முதலில் தேயும். பக்கம் மாற்றிப் போட்டால் ஆயுள் நீளும், ஆனால் பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இட்ட டயரை ரிம்மிலிருந்து கழற்றாமல் பக்கம் மாற்ற முடியாது. வாங்கும்போதே இதைக் கவனி. தயாரித்த காலத்தைக் குறிக்கும் நான்கு இலக்கங்களையும் பார். 3119 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்தது. நாள்பட்ட ரப்பர், பட்டன் தேயாமலே இறுகிப் போயிருக்கும்.

பழைய ரிம்கள் கிடைத்ததும், அவற்றின் உட்புறத்தில் வார்த்திருக்கும் அகலத்தையும் ஆஃப்செட் எண்ணையும் குறித்துக்கொள். ஒன்றை முன்பக்கத்தில் மாட்டி, ஸ்டியரிங்கை இரு புறமும் முழுவதும் திருப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று அளந்து எனக்கு எழுது. அதைப் பார்த்துவிட்டு டயருக்குச் சொல்லி அனுப்பலாம்.

இப்படிக்கு,
உன் மாமா