கம்ப்யூட்டர் கடிகாரமும் காலப் படிகமும்

கம்ப்யூட்டரை இரவு அணைத்துவிட்டுக் காலையில் இயக்கினாலும் நேரம் சரியாகக் காட்டுகிறதே, எப்படி? மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் கடிகாரம் ஓடுகிறது. அணைத்திருக்கும்போது இதற்கு மின்சாரம் தருவது நாணயம் போன்ற சிறு பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. வைரஸ் என்று பயப்படாமல் முதலில் தேதியைப் பாருங்கள்.

விண்டோஸின் நேர மண்டலப் பட்டியலில் விழுப்புரம், திண்டிவனம் என்று தேட வேண்டாம். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விழுப்புரம் அதற்குச் சுமார் 3 பாகை மேற்கே இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 நிமிடம் தாமதம். திண்டிவனத்தில் அதைவிட அரை நிமிடம் முன்பே வந்துவிடும்.

சரி, பேட்டரியே இல்லாமல் தானாகத் துடிக்கும் பொருள் உண்டா? 2012-ல் இயற்பியலாளர் பிராங்க் வில்செக் 'காலப் படிகம்' என்ற கருத்தை முன்வைத்தார். சமநிலையில் இருக்கும் பொருளில் அது இயலாது என 2015-ல் நிரூபிக்கப்பட்டது. 2017-ல் லேசரால் தூண்டிய அயனிகளில் ஒரு வகைக் காலப் படிகம் வெளியானது. இரண்டு தூண்டலுக்கு ஒரு துடிப்பு! ஆனால் அதற்கும் வெளித்தூண்டல் தேவை. ஆகவே, தீர்ந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.