இரண்டு எண்ணுக்கு நடுவே

சர்க்கரை வந்து 16 வருஷம். மூன்று மாத சராசரி 7-க்குள் இருந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க நிம்மதியாகத் தைப்பேன். பி.பி. பார்த்து நர்ஸ் சொல்லும் எண்களை அவ்வளவாகக் காதில் வாங்கியதில்லை.

போன வருஷம் 164/70 என்று வந்தது. "கீழ் பிரஷர் நல்லாத்தானே இருக்கு டாக்டர்?" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, நாடியை விரலடியில் உருட்டினார். "நீங்களே தொட்டுப் பாருங்கம்மா." கயிறு மாதிரி தட்டுப்பட்டது. "மேலுக்கும் கீழுக்கும் 94 வித்தியாசம். 40 பக்கம் இருக்கணும். ரத்தக்குழாய் விறைச்சிருக்கு."

வெயிலில் கிடந்த எலாஸ்டிக்கை எத்தனையோ தடவை இழுத்துப் பார்த்தவள் நான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் சராசரிதான் நன்றாக இருக்கிறதே? அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. சர்க்கரை ஒட்டிய சிவப்பணு சுமார் 120 நாளில் அழிந்து புதுசு வந்துவிடும். அதனால் சராசரியும் சீக்கிரம் இறங்கும். குழாய்ச் சுவரில் இருக்கும் கொலாஜன் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். முதல் ஐந்து வருஷம் நான் மாத்திரையை விட்டு விட்டுப் போட்டதெல்லாம் அங்கே பதிந்திருக்கிறது.

விறைத்த குழாயில் ரத்தத்தைத் தள்ள இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த அடி மூளை, சிறுநீரகம் வரை போகிறது. கணுக்காலில் பி.பி. எடுத்துக் கையோடு ஒப்பிடும் டாப்ளர் சோதனையில் எனக்கு 1.46. 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்பார்கள். 1.4-ஐத் தாண்டினாலும் சந்தோஷப்பட வேண்டாம். சுண்ணாம்பு படிந்த குழாய் பட்டைக்கு அமுங்கவில்லை என்று அர்த்தம். கால் விரலிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த யூ.கே.பி.டி.எஸ். ஆய்வு, 1998-லேயே, பி.பி.யை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அதைக் கேட்ட அன்றே ஊறுகாய், அப்பளத்தை நிறுத்தினேன். காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, இரண்டு தடவை பார்த்து எழுதுகிறேன். எழுந்து நின்றும் ஒரு தடவை: மாத்திரை கூடினால் தலை சுற்றிக் கீழே விழும் ஆபத்து உண்டு. மாடி ஏறும்போது புதுசாக மூச்சு வாங்கினால் நெஞ்சு வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

என் தங்கைக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷம்தான். அவளுக்கு வித்தியாசம் 48. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.