பெண்ணுறுப்பில் நோவுடன் வரும் கட்டிகள்

பெண்ணுறுப்பின் ஓரத்தில் கட்டி வந்து, இருக்கவும் நடக்கவும் முடியாமல் நோகும்போதும் பல பெண்கள் அதைத் தாயிடம்கூடச் சொல்வதில்லை. முகாமில் மறைப்பில்லாத இடத்தில் உடுப்போடு குளித்து, ஈரத்தோடு நின்ற காலத்தில் சொல்ல இடமும் இருக்கவில்லை. ஊர் திரும்பிய பின்னராவது இதைப் பேசவேண்டும். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை எவருடைய நடத்தையாலும் வருபவை அல்ல.

அடிக்கடி வருவது மயிர்க்காலில் தோன்றும் சிறு கொப்புளம். சவரம் செய்தல், வியர்வை, இறுக்கமான உடுப்பு ஆகியவற்றால் வரும். பெரும்பாலும் சில நாட்களில் தானாக வற்றிவிடும்.

கூடுதலாக நோவது வேறொன்று. யோனி வாசலின் இரு பக்கமும் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உண்டு. பார்த்தோலின் சுரப்பிகள் என்பார்கள். அவ்விடத்தை ஈரலிப்பாக வைத்திருப்பது அவற்றின் வேலை. அவற்றின் நுண்ணிய குழாய் அடைபட்டால் நீர் தேங்கி, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வீங்கும். கிருமியும் சேர்ந்தால் சில நாட்களிலேயே சீழ் கட்டி, கதிரையில் சரிந்துதான் இருக்க முடியும் என்ற நிலை வந்துவிடும். திருமணமாகாத பெண்ணுக்கும் இது வரலாம். கணவன்மாரும் மாமிமாரும் இதை அறிந்திருப்பது நல்லது. வீண் சந்தேகம்தான் பல பெண்களின் வாயை அடைக்கிறது.

கூட்டமாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்து உடைந்து புண்ணாகி, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் அது பாலுறவால் தொற்றும் நோயாக இருக்கலாம். அப்போது கணவரும் வைத்தியரிடம் போகவேண்டும்.

கட்டியைப் பிதுக்கவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். கிருமி உள்ளே பரவும். டெற்றோல், மஞ்சள், பச்சிலை எதையும் பூசாதீர்கள். சுத்தமான பேசினில், கை தாங்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, 10 முதல் 15 நிமிடம் இடுப்பு அமிழ இருங்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம். கிணறு தூரமென்றால், சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாலும் உதவும். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோற்றிக் குளிசையைப் போடாதீர்கள். உள்ளாடையையும் மாதவிடாய்த் துணியையும் வேறு உடுப்பின் கீழ் ஒளித்துக் காயவிடுவது எங்கள் வழக்கம். அவை வெயிலில் நன்றாகக் காயவேண்டும்.

இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, தாங்கமுடியாத நோவு இருந்தால் அன்றே போகவேண்டும். கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் காத்திருக்கக்கூடாது. நாற்பது வயதுக்குப் பின் புதிதாக வரும் கட்டி நோகாவிட்டாலும் வைத்தியர் பார்க்கவேண்டியது. சீழ் கட்டியிருந்தால் விறைக்கப்பண்ணிச் சிறிதாகக் கீறி வெளியேற்றுவார்கள். வாய் மூடி மீண்டும் வீங்காதிருக்க மெல்லிய குழாய் ஒன்றைச் சில வாரங்கள் வைப்பதும் உண்டு.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. பரிசோதனையின்போது ஒரு பெண் உடனிருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இடப்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் போகத் தயங்காதீர்கள். முன்பு எந்த மருந்து ஒத்துவரவில்லை என்பதை மட்டும் மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.